வன்னியில் காணி யாருக்குச் சொந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணி விண்ணப்பங்களை விசாரிக்கும் காணிக் கச்சேரிகளிலும் நடமாடும் சேவைகளிலும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சில விடைகள் நீளமானவை. பிரச்சினை அவ்வாறு சிக்கலானது என்பதே காரணம். ஒரு குறிப்பிட்ட காணியைப் பற்றிய முடிவுக்கு, அதன் பத்திரங்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் சட்டத்தரணியின் ஆலோசனை தேவை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வன்னியின் காணிப் பிரச்சினை மற்றைய இடங்களின் பிரச்சினையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களின் பெருநிலப் பரப்பையே இங்கு வன்னி என்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி என்றால் பெரும்பாலும் வேலி அடைத்த, உறுதி எழுதிய, பரப்புக் கணக்கில் அளந்த தனியார் நிலம். வன்னியில் அப்படியன்று. இங்கே ஓர் ஊர் என்பது ஒரு குளம், குளத்தின் கீழ் வயல், மேட்டில் குடியிருப்பு, அதைச் சுற்றி மாடு மேயவும் தேன் எடுக்கவும் விறகு பொறுக்கவும் சேனை வெட்டவும் பயன்பட்ட காடு ஆகியவை சேர்ந்த ஒரு முழுமை. அந்த முழுமையில் வயலுக்கும் வளவுக்கும் மாத்திரமே ஏதேனும் பத்திரம் இருந்திருக்கும். எஞ்சியதற்கு ஊரின் நினைவே பத்திரமாக இருந்தது.

சட்டம் அந்த நினைவை ஒருபோதும் ஏற்றதில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலமும் எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. சில வருடம் வெட்டிப் பயிரிட்டு, பின்னர் மண் ஆறும்படி விட்டுவைக்கும் சேனை நிலத்துக்கும் தனியார் உரித்தை நிரூபிக்க வேண்டிய சுமை உழவன் தலையிலேயே விழுந்தது. பிரித்தானியர் போனார்கள், "முடி" என்ற சொல் "அரசு" என்று மாறியது, அனுமானம் மாறவில்லை. அதன்மேல் முப்பது ஆண்டுப் போரும் இடப்பெயர்வும் வந்தபோது, ஊரவர் ஊரில் இல்லாதிருந்த காலமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கீழே வரும் பல கேள்விகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வன்னி மக்கள் சர்வதேசச் சட்டம் கூறும் "பழங்குடி மக்கள்" என்ற வகைக்குள் வருவார்களா?

இலங்கையில் அந்தச் சொல் பெரும்பாலும் வேடர் சமூகத்தைக் குறிக்கவே பயன்படுகிறது. தமிழ் பேசும் கரையோர வேடர்கள் வாழ்வது கிழக்கில், வாகரைப் பக்கம். வன்னியில் தலைமுறை தலைமுறையாக வாழும் விவசாயக் குடிகள், கடற்றொழிலாளர், கால்நடை வளர்ப்போர், மன்னார் மாவட்டத்து முசலியின் முஸ்லிம் ஊர்கள் ஆகியோரை அந்த வகைக்குள் வைத்துச் சட்டப் போராட்டம் நடத்துவதில் பயன் குறைவு. பழங்குடி மக்கள் குறித்த சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்யவும் இல்லை.

ஆயினும் கிராமிய மக்கள் என்ற நிலையில் அவர்களுக்குப் பொருந்தும் ஆவணங்கள் உண்டு. விவசாயிகளினதும் கிராமப்புறங்களில் வேலைசெய்யும் ஏனையோரினதும் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. இடம்பெயர்ந்தோரின் வீடு, காணி, ஆதனங்களை மீளளிப்பது பற்றிய பினெய்ரோ கோட்பாடுகள் 2005ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இவை நீதிமன்றில் நேரடியாக நிறைவேற்றக்கூடிய சட்டங்கள் அல்ல; வாதத்துக்கு வலுச் சேர்ப்பவை. வன்னியின் ஒரு காணி வழக்கை அவற்றைக் கொண்டு மட்டும் வெல்ல முடியாது.

உறுதிக் காணி, அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி என்பவற்றுக்கிடையில் என்ன வேறுபாடு?

உறுதிக் காணி என்பது தனியார் காணி. நொத்தாரிசின் முன் எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கும். விற்கலாம், நன்கொடையாக எழுதலாம், சீதனமாகக் கொடுக்கலாம்.

அனுமதிப்பத்திரக் காணி என்பது அரச காணி. ஊரார் "போமிட் காணி" என்பது இதையே. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் வயலும் மேட்டுக் காணியும் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே வழங்கப்பட்டன. காணியைத் திருத்திப் பயிர்செய்து, நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களுக்குப் பின்னர் அளிப்புப் பத்திரம் கொடுக்கப்படும். வெவ்வேறு அரசாங்கங்களின் காலத்தில் அதற்குச் சுவர்ணபூமி, ஜயபூமி என்று பெயர்கள் மாறின. அளிப்பு அனுமதிப்பத்திரத்தைவிட உறுதியானது. எனினும் பிரதேச செயலாளரின் முன்னனுமதி இல்லாமல் அளிப்புக் காணியையும் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டு அனுமதிப்பத்திரக் காணியை "வாங்கியவர்" சட்டத்தின் பார்வையில் எதையும் வாங்கவில்லை. வன்னியில் இத்தகைய கொடுக்கல் வாங்கல் எவ்வளவு பரவலாக நடந்திருக்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே. பிற்காலத்தில் பிள்ளைகளுக்கிடையே மூளும் சண்டைகளில் கணிசமானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பத்து வருடம் தொடர்ந்து ஆண்டால் காணி சொந்தமாகும் என்கிறார்களே?

தனியார் காணிக்கு, சில நிபந்தனைகளோடு, அது உண்மை. உரிமையாளருக்கு எதிரிடையாக, இடையறாது, பத்து வருடம் ஆண்டவர் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் ஆட்சியுரிமை கோரலாம். அரச காணிக்கு அது பொருந்தாது. நாற்பது வருடம் குடியிருந்தாலும், கிணறு வெட்டித் தென்னை வைத்தாலும், அரச காணியில் ஆட்சியால் மட்டும் உரித்து வராது. நீண்டகால ஆட்சி அனுமதிப்பத்திரம் கோருவதற்கு வலுவான காரணமாக அமையும், அவ்வளவே.

இடம்பெயர்ந்து வெளியே இருந்தபோது தனியார் காணிக்குள் வேறொருவர் குடியேறியிருந்தால் என்ன செய்வது என்பது இதன் மறுபக்கம். அதற்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே அதன் நோக்கம். வழக்குத் தொடுக்க அச்சட்டம் தந்த அவகாசம் இரண்டு ஆண்டுகளே. அதிலும் ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் உரிமையைக் கோர முடியாமற் போனவர்களையே அதன் வாசகம் பேசுகிறது. எறிகணைக்கும் படைநகர்வுக்கும் அஞ்சி ஓடியவர் அந்த வாசகத்துள் அடங்குவாரா என்ற கேள்விக்கு இடம் வைத்து ஒரு சட்டத்தை வரைந்தது, என் பார்வையில், மன்னிக்க முடியாத கவனயீனம்.

பத்திரம் போரில் தொலைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில், பத்திரம் தொலைந்தால் உரிமை தொலையாது என்பதை நினைவில் வைத்திருங்கள். உறுதிக் காணி என்றால், நொத்தாரிசு அனுப்பிவைத்த பிரதி காணிப் பதிவகத்தில் இருக்க வேண்டும். உறுதி இலக்கம் தெரியாவிட்டாலும் காணியின் பெயர், எல்லைகள், பழைய உரிமையாளரின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். அனுமதிப்பத்திரக் காணி என்றால், பிரதேச செயலகத்தில் உள்ள காணிப் பேரேட்டில் உங்கள் அல்லது உங்கள் பெற்றோரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம்.

சிக்கல் எழுவது பேரேடும் அழிந்துபோன இடங்களில்தான். அங்கே துணைச் சாட்சிகளைத் திரட்ட வேண்டும். இடப்பெயர்வுக்கு முந்தைய வாக்காளர் இடாப்பு, கமநல சேவை நிலையத்தின் வயற்காணி இடாப்பு, உரமானியம் அல்லது பயிர்க்கடன் பெற்ற பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவேடு, கோயில் அல்லது தேவாலயப் பதிவேடு, அயற்காணிக்காரரின் சத்தியக்கூற்று ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செங்கல். அயற்காணிக்காரரின் பத்திரத்தில் எல்லையாக உங்கள் தகப்பனாரின் பெயர் எழுதப்பட்டிருக்குமானால், அது பல சமயம் எல்லாவற்றிலும் வலிய சாட்சியாகும். ஆனால் அதைத் தேடிப் பார்ப்போர் மிகச் சிலர். எங்கள் குடும்பத்தின் வயலை மீட்டதும் அப்படித்தான். எங்களுடைய பத்திரம் மாத்தளனில் ஒரு பதுங்குகுழிக்குள் போய்விட்டது. தப்பியிருந்தது பக்கத்து வயற்காரரின் பொலித்தீன் பைக்குள் இருந்த அவருடைய பத்திரம். அதன் "வடக்கு" என்ற வரியில் என் பாட்டனாரின் பெயர் இருந்தது.

காணாமற்போன பத்திரம் பற்றிப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஒன்றும் வேண்டும். விண்ணப்பம் எதைக் கொடுத்தாலும் திகதி முத்திரையிட்ட பிரதி ஒன்றைத் திருப்பி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் வழங்கப்பட்ட காணிப் பத்திரங்கள் செல்லுமா?

உரித்தாக அவை ஏற்கப்படுவதில்லை. அந்தக் காலத்தில் குடியிருந்ததற்கான சூழ்நிலைச் சாட்சியாகக் காட்டலாம். ஒரே காணிக்கு இடம்பெயர்ந்து போன பழைய பத்திரக்காரரும், புலிகளின் நிர்வாகத்தால் அங்கு குடியேற்றப்பட்ட காணியற்ற குடும்பமும் உரிமை கோரும்போது, சட்டம் பழைய பத்திரக்காரர் பக்கம் நிற்கும். ஆனால் மற்றக் குடும்பமும் எங்கோ ஓரிடத்திலிருந்து துரத்தப்பட்டு வந்ததே. அதற்கு மாற்றுக் காணி கேட்பது பிச்சை அன்று.

மீள்குடியேறப் போனபோது எங்கள் காணிக்குள் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட்டிருந்தது. இது எப்படி நேர்ந்தது?

இன்று வன்னியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

காடுகள் இலங்கையில் ஒரே கையில் இல்லை. ஒதுக்கக் காடுகளும் பேணற் காடுகளும் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனவளத் திணைக்களத்திடமும், தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் உள்ளன. இவை எதிலும் அறிவிக்கப்படாத எஞ்சிய காடுகள் நெடுங்காலம் பிரதேச செயலாளரின் பொறுப்பில் இருந்தன. சேனைக்கும் மேய்ச்சலுக்கும் ஊரவர் பயன்படுத்தியது பெரும்பாலும் இந்த எஞ்சிய காட்டையே. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றுநிருபம் இவற்றின் நிர்வாகத்தை வனவளத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. 2001இல் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி கொழும்பின் நிர்வாகத்தில் இல்லை என்பதால் அந்தச் சுற்றுநிருபத்தின் தாக்கத்தை இங்கு யாரும் உணரவில்லை. உணர்ந்தது 2009இன் பின்னரே.

மக்கள் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் இருந்தனர். ஊர்கள் ஆளின்றிக் கிடந்தன. வன்னி மண்ணில் ஒரு வளவை இரண்டு மாரி கவனியாமல் விட்டால் பற்றை மூடும். பத்து மாரி விட்டால் வீரையும் பாலையும் தலைக்கு மேல் நிற்கும். 1984இலோ 1990இலோ இடம்பெயர்ந்த ஊர்களில் அப்போதே இருபது மாரி கடந்திருந்தது. வானிலிருந்து எடுத்த படத்தில் அது அடர்காடு. அந்தப் படத்தை வைத்து எல்லை குறிக்கப்பட்டது; கற்கள் நடப்பட்டன. திரும்பி வந்தவர் காட்டினுள் தம் கிணற்றுக் கட்டையும் வீட்டு அத்திவாரத்தையும் பாட்டன் வைத்த புளியையும் காட்டி நின்றார். அவர் துப்புரவு செய்ய முனைந்தபோது, காடழித்த குற்றத்துக்காக வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. காடு ஊரை விழுங்கியதற்கு ஊரே தண்டிக்கப்பட்டது என்று சொல்வதில் மிகை ஏதும் இல்லை.

2020 நவம்பரில் அந்தச் சுற்றுநிருபம் நீக்கப்பட்டு, எஞ்சிய காடுகளைப் பிரதேச செயலாளர் கையில் மீண்டும் கொடுக்கும் புதிய சுற்றுநிருபம் வெளியானது. சூழல் அமைப்புகள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. அவர்களுடைய அச்சத்தையும் ஒதுக்கித் தள்ளக்கூடாது. எஞ்சிய காடு திறந்துவிடப்பட்டால் அதை முதலில் அடைவது காணியற்ற குடியானவன் அல்லன்; மரம், மணல், கிரவல் ஏற்றும் கனரக வாகனமே என்பதை வன்னியில் கண்கூடாகப் பார்க்கிறோம். கேட்க வேண்டியது எல்லாக் காட்டையும் திறந்துவிடுமாறு அன்று. இடப்பெயர்வுக்கு முன்பு ஊராக இருந்த பகுதிகளைப் பழைய அளவை வரைபடத்தோடும் காணிப் பேரேட்டோடும் ஒப்பிட்டு, ஊரவர் உடனிருக்க எல்லையை மீள அளக்க வேண்டும் என்பதே கோரிக்கையாக இருக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிராம வரைபடங்களில் குளங்களும் வயல்களும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் ஊரின் வரைபடத்தைப் பெற்று வைத்திருங்கள்.

முசலியில் நடந்ததும் இதுதானா?

அடிப்படையில் ஆம், வலி இரட்டிப்பு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி ஆகிய ஊர்களின் மக்கள் புத்தளத்தில் இரு பத்தாண்டுகள் அகதிகளாக வாழ்ந்தனர். போர் முடிந்து திரும்பியபோது ஊர் காடாகியிருந்தது. 2012 ஒக்டோபரில் அப்பகுதியின் நிலங்கள் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச் 24 அன்று மாவில்லு பேணற் காடு என்ற பெயரில் 40,030 ஹெக்டேயர் அறிவிக்கப்பட்டது. தெற்கின் ஊடகங்களில் இது "வில்பத்துக் காடழிப்பு" என்றே பேசப்பட்டது. மோதரகம் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் இந்த ஊர்கள் வில்பத்துத் தேசியப் பூங்காவுக்கு வெளியே உள்ளவை.

முசலியில் மீள்குடியேற்றம் என்ற பெயரில் காடு வெட்டப்படவே இல்லை என்று நான் வாதிடவில்லை. அதுபற்றி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. துரத்தப்பட்டவரின் பழைய வளவையும் புதிதாகத் திறக்கப்பட்ட காட்டையும் வேறுபடுத்திப் பார்க்கும் பொறுமை விவாதத்தில் இருக்கவில்லை என்பதே குறை. இந்த விடயத்தில் தமிழ் ஊர்களும் பெரிதாகக் குரல் கொடுக்கவில்லை. அதே எல்லைக்கல் முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானில் நடப்படும்போது மட்டும் அது அநீதியாகத் தெரிகிறது.

படையினர் வைத்திருக்கும் காணியை மீட்க முடியுமா? சட்டப்படி அவர்கள் எடுத்தார்களா?

தனியார் காணியைப் பொதுத் தேவைக்காக எடுக்க 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் ஒழுங்குமுறை உண்டு. 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல், 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபனைக்கு அழைப்பு, 5ஆம் பிரிவின் கீழ்ப் பிரகடனம், 7ஆம் பிரிவின் கீழ் நட்டஈட்டுக் கோரிக்கை என்று அது நகரும். அவசரம் என்று அமைச்சர் கருதினால் 38ஆம் பிரிவின் காப்பு வாசகத்தைப் பயன்படுத்தி இடைப் படிகளை முந்தி உடைமை எடுக்கலாம். வன்னியில் பல இடங்களில் இந்த ஒழுங்கு எதுவும் தொடங்கப்படாமலே முகாம் அமைந்தது. அறிவித்தல் வந்த இடங்களில் அது ஆண்டுகள் கழித்து வந்தது.

மீட்க முடியுமா என்றால், மூன்று ஊர்களின் கதை விடை சொல்லும். முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாபுலவு மக்கள் 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது தம் ஊருக்குப் போக விடப்படாமல், பக்கத்தில் காடு வெட்டி அமைத்த "மாதிரிக் கிராமத்தில்" இறக்கப்பட்டனர். 2017 ஜனவரி 31 அன்று பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாயிலில் அமர்ந்தனர். பெண்களும் சிறு பிள்ளைகளும் இரவும் பகலும் அங்கேயே கிடந்தனர். மார்ச் 1 அன்று அவர்களுடைய காணி விடுவிக்கப்பட்டது. அதே நாளில் கேப்பாபுலவின் ஏனைய குடும்பங்கள் தம் போராட்டத்தைத் தொடங்கின; டிசம்பர் 28 அன்று 133 ஏக்கர் கிடைத்தது. ஊர் முழுவதும் கிடைக்கவில்லை.

மன்னார் மாவட்டத்தின் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமானது. மலங்காட்டிலும் காயாக்குழியிலும் காத்திருந்தவர்கள் 2017 மார்ச்சில் வீதிக்கு வந்தபின், ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. வீடுகள் நின்ற பகுதி அதற்குள் அடங்கவில்லை. பூநகரிப் பிரதேசத்தின் இரணைதீவு மக்களோ 1992இல் இடம்பெயர்ந்து இரணைமாதா நகரில் இருந்தனர். 2017 மே 1 அன்று தொடங்கிய போராட்டம் ஒரு வருடத்தை நெருங்கியபோது, 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாமாகவே தீவுக்குப் போய் இறங்கினர். கடற்படை தடுக்கவில்லை.

இம்மூன்றிலும் பத்திரமும் வழக்கும் தேவைப்பட்டன. ஆனால் கதவைத் திறந்தவை அவை அல்ல. வட்டுவாகலில் கடற்படை முகாமுக்காக 600 ஏக்கருக்கு மேற்பட்ட காணியைச் சுவீகரிக்க அளவையாளர் வந்தபோதெல்லாம், மக்கள் வாயிலில் நின்று திருப்பியனுப்பியதும் அவ்வாறே. வழக்கை நம்பி மட்டும் இருந்தவர்களுக்குத் திகதிகளே கிடைத்தன.

மணலாறும் மகாவலியும்?

1984 இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய முல்லைத்தீவுக் கரையோர ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மணலாறு சிங்களத்தில் வெலிஓயா என்று பெயர் மாறியது. பொருள் மாறவில்லை, மொழி மாறியது. 1988இல் அப்பகுதி மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எல் வலயமாக அறிவிக்கப்பட்டது. மகாவலி நீர் அங்கு இன்றுவரை பாயவில்லை. பாய்ந்தது 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க மகாவலி அதிகார சபைச் சட்டம் தரும் அதிகாரம்: வலயத்துக்குள் காணியைப் பகிர்வது பிரதேச செயலாளர் அல்லர், அதிகார சபையே. கொக்குத்தொடுவாய் விவசாயிகள் தம் பழைய அனுமதிப்பத்திரங்களோடு திரும்பியபோது, அதே வயலுக்கு மகாவலி அதிகார சபை வேறொருவருக்குப் பத்திரம் கொடுத்திருந்தது. இரண்டும் அரசின் பத்திரங்கள். அந்த வேறொருவரும் பெரும்பாலும் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழை விவசாயி என்பதை மறக்க வேண்டியதில்லை; அவரைப் போர்முனையில் கொண்டுவந்து வைத்தவர்கள் அங்கே குடியிருக்கவில்லை. 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவில் இதற்கெதிராகப் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது.

தொல்லியல் திணைக்களம் கல் நட்டால் வயல் செய்ய முடியாதா?

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நினைவுச் சின்னங்களையும் தொல்லியல் ஒதுக்கங்களையும் பாதுகாக்கிறது. பாதுகாக்க வேண்டியதே. தண்ணிமுறிப்புப் பக்கம் குருந்தூர்மலையில் சிக்கல் எழுவது, சின்னத்தைச் சுற்றி எல்லை விரியும்போது. மலையோடு நில்லாமல் அடிவாரத்து வயலும் குடியிருப்பும் அதற்குள் வருகின்றன. மலையின் ஆதி ஐயனார் வழிபாடு தடைபட, புதிய விகாரைக் கட்டுமானம் எழுகிறது. நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தச் சொன்ன பின்னரும் வேலை தொடர்ந்தது என்ற முறைப்பாடு முல்லைத்தீவு நீதவானின் முன் வந்தது. அந்த நீதவான் 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தல் எனக் கூறிப் பதவி துறந்து நாட்டை விட்டுச் சென்றார். நெடுங்கேணிப் பக்கம் வெடுக்குநாறி மலையில் 2024 சிவராத்திரி இரவில் வழிபட்டோர் கைது செய்யப்பட்டனர். உங்கள் வயல் இத்தகைய எல்லைக்குள் வந்தால், ஒதுக்கம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதா, எந்த அளவை வரைபடத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள். கல் நடுவது மட்டும் அறிவித்தல் ஆகாது.

மேய்ச்சல் தரைக்கும் கரைவலைப் பாட்டுக்கும் யாரிடம் உரிமை கேட்பது?

காலபோக விதைப்பு முடிந்தால் மாட்டுப் பட்டியை வயல்வெளியிலிருந்து காட்டுக்குக் கலைத்துவிடுவது வன்னியின் பழைய ஒழுங்கு. காடு மூடப்பட்டதால் பட்டிக்காரருக்கும் கமக்காரருக்கும் இடையே சண்டை மூண்டுள்ளது. இருவரும் ஒரே ஊரவர், சில இடங்களில் ஒரே குடும்பத்தவர். மேய்ச்சல் தரையை ஒதுக்கித் தருமாறு பிரதேச செயலகத்தில் கோர வேண்டும். கமக்காரர் அமைப்பின் தீர்மானமும் கால்நடை வளர்ப்போரின் பதிவும் இணைக்கப்பட்டால் கோரிக்கை வலுப்பெறும். கரைவலைப் பாடு, அதாவது கரையிலிருந்து வலை இழுக்கும் இடம், கடற்றொழில் திணைக்களத்தின் பொறுப்பு. ஆனால் மீனவர் வாடி (குடில்) போடும் கரை நிலம் வேறு கையில் இருக்கும். கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வெளியூர் மீனவரோடு எழுந்த மோதல்களுக்கு இந்த இரட்டை ஆட்சியும் ஒரு காரணம்.

பெண்களின் பெயரில் காணி எடுக்க முடியுமா? கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருக்கிறார்.

முடியும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தாளர் (உரிமையாளருக்குப் பின் காணியைப் பெறுபவர்) நியமிக்கப்படாதபோது மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆயினும் உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவதே நல்லது. கணவரின் பெயரிலுள்ள அனுமதிப்பத்திரத்தை மாற்ற மரணச் சான்றிதழ் கேட்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி அதை எடுக்க மறுப்பதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி காணாமற் போனமைக்கான சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு காணி அலுவல்களை நடத்தலாம். வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி தரலாம். இது பலருக்குத் தெரியாது.

மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களின் நிலை என்ன?

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வந்த மலையகக் குடும்பங்களைக் காந்தியம் போன்ற அமைப்புகள் வவுனியாவின் காட்டோரங்களில் குடியமர்த்தின. கிளிநொச்சியிலும் பல ஊர்கள் அவர்களாலேயே உருவாகின. காட்டை வெட்டி, பாம்புக்கும் மலேரியாவுக்கும் யானைக்கும் ஈடுகொடுத்து நிலத்தைத் திருத்தியவர்கள் அவர்கள். பத்திரம் பெற்றவர்கள் பெரும்பாலும் அவர்கள் அல்லர். சிலர் இன்னமும் யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் உரிமையாளரின் காணியில், உரிமையாளர் எந்த நாளில் வருவாரோ என்ற பயத்தோடு குடியிருக்கின்றனர். உரித்து இல்லாததால் வீட்டுத்திட்டமும் இல்லை. வன்னியின் காணி அநீதியைப் பேசும்போது நாம் அரசை நோக்கி மட்டும் விரல் நீட்டுவது இந்த ஒரு பக்கத்தில் பொருந்தாது.

2025இல் வந்த வர்த்தமானி என்ன ஆனது?

2025 மார்ச் 28 அன்று காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோருமாறு அறிவித்தல் வெளியானது. முல்லைத்தீவில் மட்டும் 1,703 ஏக்கர். மூன்று மாதத்துள் கோராவிட்டால் அரச காணியாகும் என்பதே அச்சம். பத்திரம் இழந்தவர்களுக்கும் அகதியாக வெளிநாடு போனவர்களுக்கும் மூன்று மாதம் எதற்குப் போதும்? எதிர்ப்பு வலுத்தது, விடயம் உயர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றது, அரசாங்கமும் பின்வாங்கியது. அந்தக் கட்டளைச் சட்டம் 1931ஆம் ஆண்டிலிருந்து சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இன்னொரு அறிவித்தல் வரலாம். உங்கள் கிராம அலுவலர் பிரிவின் பெயர் வர்த்தமானியில் வருகிறதா என்று பார்க்க ஊருக்கு ஒருவரையாவது நியமித்து வையுங்கள்.

மாகாண சபைக்குக் காணி அதிகாரம் இருக்கிறதல்லவா?

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் வைத்தது. அதன் பின்னிணைப்பு அரச காணியைக் குடியரசிடமே வைத்தது. தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. அது இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2013 செப்டெம்பர் 26 அன்று உயர் நீதிமன்றம், அரச காணி மத்திய அரசின் கையிலேயே உள்ளது என்று தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் மனுவை மாகாணக் காணி ஆணையாளருக்குக் கொடுப்பதில் தவறில்லை. அங்கே முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள்.

அரச காணியிலிருந்து வெளியேறுமாறு அறிவித்தல் கிடைத்திருக்கிறது. உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

அது பெரும்பாலும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டத்தின் கீழான அறிவித்தலாக இருக்கும். வெளியேறுவதற்கு 30 நாட்களுக்குக் குறையாத அவகாசம் தரப்பட்டிருக்க வேண்டும், திகதியைச் சரிபாருங்கள். வெளியேறாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றம் செல்லும். அங்கே நீங்கள் எழுப்பக்கூடிய எதிர்வாதம் மிக ஒடுங்கியது: அரசு எழுத்தில் தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது வேறு எழுத்துமூல அதிகாரம் உண்டு என்பதே அது. "மூன்று தலைமுறையாக இருக்கிறோம்" என்பதை அந்த மேசையில் யாரும் எடைபோட மாட்டார்கள். ஆகவே அந்த 30 நாளுக்குள் பிரதேச செயலகத்தின் பேரேட்டுப் பிரதியைத் தேடிப் பெறுவதே முதல் வேலை. தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்; 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும், சில சமயம் மேலும் 21 நாள் நீடிப்பார்கள்.

காணி உங்களுடைய தனியார் உரித்து என்றால், வெளியேற்றக் கட்டளை வந்த 6 மாதத்துள் மாவட்ட நீதிமன்றத்தில் உரித்து வழக்குத் தொடுக்கலாம். அதிகாரியின் செயல் உங்கள் அடிப்படை உரிமையை மீறுவதாக இருந்தால் உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே உண்டு. அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அறிவித்தலைக் கொண்டுவந்தவர் "இது வெறும் சம்பிரதாயம், கையெழுத்துப் போடுங்கள்" என்று சிங்களத்தில் மட்டும் எழுதிய தாளை நீட்டினால், தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது வரும்வரை பெற்றுக்கொண்டதற்கு மட்டும், திகதியோடு, கையெழுத்திடுங்கள்.